ஏழாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

உங்கள் தீ விபத்து விசாரணை அறிக்கை நன்றாக வந்திருக்கிறது, மேடம். படங்களுக்குக் கீழே தேதி போட்டிருக்கிறீர்கள், வரைபடம் தெளிவாக இருக்கிறது. பெட்ரோல் பங்கில் பதினெட்டு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். எத்தனையோ ஆய்வு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தால் நம் பங்கைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களா, பக்கத்துத் தெரு மாவு மில்லைப் பற்றியா என்று சந்தேகம் வரும். இது அப்படி இல்லை. ஏழாம் பக்கத்தில் மட்டும் ஒரு தவறு. அதைத் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். தங்கை வீட்டில் தனியாக இருக்கிறாள். வயிற்றில் எட்டு மாதம்.

ஏழாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்த ஊழியரின் சட்டைப் பையில் இருந்த கைபேசிக்கு, காலை பதினோரு மணிக்கு, அவர் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. அதில் உண்டான பொறி எரிபொருள் ஆவியைப் பற்றவைத்தது. அந்த ஊழியர் என் தங்கையின் கணவர். அழைத்த மனைவி என் தங்கை. உறவை வைத்துத் திருத்தம் கேட்கவில்லை. தொழிலை வைத்துக் கேட்கிறேன். போன் அடித்ததால் அந்தத் தீ வரவில்லை.

நானே இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பங்கில் போன் விஷயத்தில் என்னைப் போல் கறாரானவன் கிடையாது. வாகனம் உள்ளே நுழையும்போதே கையைக் காட்டி நிறுத்தி, போனை அணைக்கச் சொல்வேன். ஊழியர்களுக்காக ஒரு மரப்பெட்டி செய்து சுவரில் மாட்டியிருந்தேன், பத்து அறைகள், ஒவ்வொன்றுக்கும் எண். வேலைக்கு வந்ததும் அவரவர் போனை அதில் வைத்துவிட வேண்டும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், கார்டு தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "என் போன்தான் குண்டுங்கறீங்க. உங்க கார்டு மெஷினும் சிக்னல்லதானே ஓடுது, அது என்ன சந்நியாசம் வாங்கிடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி.

போனில் பேசுகிறவன் கையில் பெட்ரோல் குழாய் இருந்தாலும் கவனம் வேறு எங்கோ இருக்கும். அந்தத் தடைப் பலகைக்கு அதுவே போதுமான நியாயம். ஆனால் பங்கில் நான் உண்மையில் பயந்தது போனைப் பார்த்து அல்ல. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று சின்னதாக ஒரு சத்தம் வருமே, அதைப் பார்த்துத்தான். நிலைமின்சாரம். ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோலைச் சுமந்துகொண்டு வெயிலில் ஓடிவரும் லாரியின் உடம்பிலும் அது சேர்ந்திருக்கும். அதனால்தான் குழாயை மாட்டுவதற்கு முன் லாரியை எர்த் கம்பத்தோடு ஒரு கிளிப்பால் இணைக்கிறோம். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் நின்றால், ஆவி கிளம்புகிற இடத்தில் அது ஒரு பொறியாகக் குதிக்கும். அவ்வளவுதான்.

ஆகவே, காரணம் நிலைமின்சாரம் என்று திருத்திவிடுங்கள். யார் மேலும் பழி இல்லாத வார்த்தை.

கிளிப் மாட்டியிருந்ததே, பிறகு ஏன் மின்சாரம் இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் பத்துக்கு ஒருவர் கேட்பார். தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் பெற்றோர் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு, குட்டிக்கு ஒன்பது. குட்டி என்பது நான் வைத்த செல்லப் பெயர். அவளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதல் ஒரு மாதம் ஒரு பக்கம் தூக்கலாகவும் ஒரு பக்கம் தொங்கலாகவும் பள்ளிக்குப் போனாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கல்லூரியில் சேர்ந்த அன்று அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்கு மரப்பெட்டியின் முதல் அறையில் வெளிச்சம் வரும். முதல் அறை என்னுடையது. ஆபீஸ் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவேன். "அண்ணா, சாப்ட்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். வேறு ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டோம். அது போதும்.

மாப்பிள்ளை எங்கள் பங்குக்கு டேங்கர் இறக்கும் பொறுப்புக்கு வந்தவர். ஆர்ப்பாட்டம் இல்லாதவர், நகம் வெட்டிய சுத்தமான கைகள். குட்டி ஒரு நாள் நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தாள். நான் உள்ளே ஏதோ கணக்கில் இருந்தேன். பெட்டியைக் காட்டி அவளிடம் போனைக் கேட்டார் மாப்பிள்ளை. அவள், நான் பெட்ரோல் போட வரவில்லை, கண்ணாடி கொடுக்க வந்தேன் என்றிருக்கிறாள். அதற்கு அவர், "கண்ணாடி கொடுக்கிறவங்களுக்கும் அதே சட்டம்தாங்க, இல்லேன்னா உள்ள இருக்கிறவர் என்னை உயிரோட விட மாட்டார்" என்றிருக்கிறார். இதைக் கல்யாணத்துக்குப் பிறகு ஆயிரம் முறை சொல்லிச் சிரித்தாள். நானும் ஆயிரம் முறை சிரித்தேன்.

கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையிடமும் நான் ஒரு குறை காணவில்லை. நான் நின்றால் அவர் உட்கார மாட்டார். நான் சொன்னதற்கு மறுவார்த்தை பேசியதில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால்கூட நேரில் சொல்ல அவருக்குக் கூச்சம். இரண்டு நாள் கழித்து அது குட்டியின் வாய் வழியாக, சர்க்கரை தடவி, எனக்கு வந்து சேரும்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் மாதம் குட்டி தினமும் கூப்பிட்டாள். அடுத்த மாதம் வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு காலையில் ஒரு ரோஜாப் பூப் படம் வரும், கீழே 'இனிய நாள்' என்று யாரோ அச்சடித்திருப்பார்கள். அதே ரோஜா அவள் தோழிகள் முப்பது பேருக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மதியம் ஒரு மணிக்கு இப்போது மூன்றாம் அறையில்தான் வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளையின் அறை. அவர் கை கழுவிக்கொண்டு, பங்கின் எல்லையைத் தாண்டி, தெரு முனைவரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார். விதியை மீறியதே இல்லை. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பேசும்போது ஒரு காலால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருப்பார்.

இதற்காக வருத்தப்பட்டேன் என்று எழுதாதீர்கள். கல்யாணமான பெண் அப்படித்தான் இருப்பாள். இருக்க வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு நல்ல செய்தி என்றாள். ஒன்று, அவள் உண்டாகியிருந்தாள். இன்னொன்று, மாப்பிள்ளைக்கு வேறு ஊரில், துறைமுகத்துப் பக்கம் பெரிய எண்ணெய்க் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு மாதத்தில் கிளம்புகிறார்கள். பிரசவத்துக்கு இங்கே வந்துவிடுவாய்தானே என்று கேட்டேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்காம்ணா. நீதான் அலைய வேண்டாமேன்னு" என்றாள். என் அலைச்சலைக் குறைப்பதில் இருவருக்கும் இருந்த அக்கறையைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. எழுந்துபோய் இருவருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் பங்கில் சில பாதுகாப்பு மேம்பாடுகளைத் தொடங்கினேன். ஊழியர்களுக்குப் புதுச் சீருடை வாங்கினேன். பழைய பருத்திச் சட்டைகள் சாயம் போயிருந்தன. புதியவை பளபளவென்று, முதுகில் ஒளிரும் பட்டையோடு இருந்தன. கழற்றும்போது படபடக்கும் துணி. பிறகு, டேங்கர் வந்து நின்றதும், சேர்ந்த மின்சாரம் அடங்க, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைப் பத்தாகக் குறைத்தேன், பின்னால் வண்டிகள் சாலைவரை வரிசை கட்டுவதால். கடைசியாக, பங்கில் இருக்கும் இரும்பு எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தேன். தூண்கள், கைப்பிடிகள், மணல் வாளிகள். எர்த் கம்பத்துக்கு மட்டும் ஆளை விடவில்லை, நானே அடித்தேன். மஞ்சள், இரண்டு கோட், கிளிப் கடிக்கிற அந்த முனையையும் சேர்த்து. பெயின்ட் மேல் மாட்டிய கிளிப், கையுறை போட்டுக்கொண்டு நாடி பார்ப்பது போல. பிடித்திருக்கும், ஒன்றும் தெரியாது.

பெயின்ட் காய்வதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். மரப்பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லா அறைகளிலும் போன் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள். கம்பத்தைப் பார்த்து, நல்ல நிறம் என்றார்கள். எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் எல்லோரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறுதியாயிற்று.

ஆமாம், மேடம். தெரிந்துதான் அடித்தேன். மறதி இல்லை. ஆனால் பெயின்ட் அடித்தால் தீ வந்தே தீரும் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு பதினோரு டேங்கர்கள் இறங்கின. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அவர்கள் கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது.

அன்று காற்று வறண்டிருந்தது. குட்டிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் நாள் என்று மாப்பிள்ளை காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தார். கூடப் போக வேண்டியவர்தான். டேங்கர் வருகிறது, வேறு ஆள் இல்லை என்று நான்தான் நிறுத்திவைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றாம் அறையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னைக்கு ஒரு நாள் கையிலயே வெச்சுக்கோங்க மாப்பிள்ளை. நான் கண்ணை மூடிக்கிறேன்."

"வேண்டாம் மச்சான். நீங்களே போட்ட சட்டம்."

"அப்பாவாகப் போறவருக்குச் சட்டம் கிடையாது."

அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு குட்டிக்கு நான் போன் செய்தேன். சரியாகப் பதினோரு மணிக்குக் கூப்பிடு, அப்போதுதான் அவர் கை ஓய்ந்திருக்கும் என்றேன். சரிண்ணா, தேங்க்ஸ்ணா என்றாள். அதற்கு முன் அவள் குரலை நான் கேட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

டேங்கர் பத்து ஐம்பதுக்கு வந்தது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம், வரிசை நீள்கிறது, உடனே இறக்குங்கள் என்று சொன்னேன். மாப்பிள்ளை கம்பத்தின் அருகே சற்று நேரம் குனிந்து நின்றார். பிறகு கிளிப்பை மாட்டி, குழாயைத் தூக்கினார். பதினோரு மணிக்கு அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அவர் அதை எடுக்கவில்லை. குழாயை மாட்டிவிட்டுப் பேசலாம் என்று நினைத்திருப்பார். நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்தார். பெரிய போர்வையை உதறுவது போல ஒரு சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவை உங்கள் அறிக்கையிலேயே இருக்கின்றன, பாராட்டாகவே எழுதியிருக்கிறீர்கள். அவசரப் பொத்தானை அழுத்தினேன். வரிசையில் நின்ற வண்டிகளை வெளியேற்றினேன். தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடியதும் நான்தான். நான்கு நிமிடத்தில் அணைத்துவிட்டோம். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அணைத்த பிறகு எல்லோரும் எப்படி, எப்படி என்று கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. "போன்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்த மணி அடித்ததைத் தன் காதால் கேட்டதாக, அன்று லீவில் இருந்த ஆள்கூடச் சொன்னார்.

மாப்பிள்ளை ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். இரண்டாம் நாள் நினைவு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மச்சான்?" ஒன்றும் ஆகவில்லை என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

குட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பழைய அறையைத் தயார் செய்து வைத்திருந்தேன். தொட்டில்கூட வாங்கிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக அமைந்தது, ஒன்றைத் தவிர. அவள் போன்மேல் வெறுப்பாவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் தன்மேல் வெறுப்பாகிவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், துடிப்பைக் கேட்டுவிட்டு வந்து, ஆசையாக எண்ணை அழுத்திய விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டிருந்தால், ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டிருந்தால் என்று அதே வாக்கியம். போனை அன்றே அணைத்து, துணி அலமாரியின் அடியில் போட்டுவிட்டாள். ஐந்து மாதமாக என்னிடமும் பத்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று நான்தான் கேட்கிறேன். இந்தக் கோணத்தை நான் யோசிக்காமல் விட்டது ஒரு குறைபாடு. ஒத்துக்கொள்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன். அரசாங்க முத்திரையோடு, போனால் வரவில்லை என்று ஒரு வரி இருந்தால் அவளிடம் காட்டுவேன். மனசு தேறிவிடும்.

பெயின்ட் விஷயம் அதில் வர வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என் தரப்பில் எதையும் மறைக்கவில்லை. கம்பத்தில் பெயின்ட் அடித்தது நான். அவரை அதன் பக்கத்தில் நிறுத்தியது நான். பழி போய் விழ ஒரு போன் வேண்டும் என்று அதை அவர் பையில் வைத்ததும் நான். நோக்கம் குடும்பத்தைப் பிரியாமல் வைத்துக்கொள்வது. எழுதிக்கொண்டீர்களா?

இது குட்டியின் போன். உங்களிடம் எப்படி வந்தது?

நேற்றுக் காலை அவளே கொண்டுவந்து கொடுத்தாள் என்கிறீர்கள். ஐந்து மாதம் கழித்து முந்தாநாள்தான் போட்டுப் பார்த்திருக்கிறாள். அன்று ஸ்கேன் அறையில் இருந்தபோது வந்த செய்தியை, நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று விட்டிருக்கிறாள். கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

பத்து ஐம்பத்திரண்டு. எர்த் கம்பத்தின் படம். முனை தெளிவாகத் தெரிகிறது. கீழே மாப்பிள்ளை எழுதியிருக்கிறார்.

"குட்டி, கிளிப் மாட்டற இடத்திலயும் பெயின்ட் அடிச்சிருக்கு. இத்தனை நாளா நானும் கவனிக்கல. மச்சான் ஆசை ஆசையா தன் கையால அடிச்சது. இப்ப சுரண்டினா எல்லார் முன்னாடியும் அவருக்கு அவமானமா போயிடும். மதியம் அவர் சாப்பிடப் போனதும் சத்தமில்லாம சுரண்டிடறேன். நீ அவர்கிட்ட எதுவும் கேட்டுடாத, மனசு கஷ்டப்படுவார். துடிப்பு கேட்டுச்சா?"

இன்னொரு முறை படிக்கிறேன், இருங்கள்.

இதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும், மேடம். டேங்கர் நிற்கும் எல்லைக்குள் போனை எடுத்துப் படம் பிடித்திருக்கிறார். அது ஒரு விதிமீறல். குறையைக் கண்டும் மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்திருக்கிறார், அது இரண்டாவது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, கடித்தா தின்றுவிடுவேன்?

அவள் வீட்டில் இல்லையா? அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமா? நான் வந்து உட்கார்ந்ததிலிருந்தா?

அண்ணன் பேசி முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள், முழுக்கக் கேட்க வேண்டும் என்று அவளே சொன்னாளா. பாருங்கள், மேடம். ஐந்து மாதமாகப் பேச்சே இல்லை என்று நான் எவ்வளவு வருத்தப்பட்டேன். கதவைத் திறந்துவிடுங்கள், இவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கும், நான் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்.